தூக்குக் கயிறும் ஒரு சாட்சியும்

பல கொலைகள் புரிந்த பாதகனைத் தூக்கிலிடுவதில் ஆட்சேபம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கிறிஸ்டியின் வழக்கைப் படிக்கும் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

லண்டனில் திமோதி எவன்ஸ் என்னும் வாலிபன், தன் பெண் குழந்தையைக் கொன்றதாக 1950-ல் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு விரோதமான பிரதான சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டி. "கிறிஸ்டியே கொலைகாரன்" என்று எவன்ஸ் முறையிட்டதை ஜூரர்கள் நம்பவில்லை. அப்பொழுதே அவ்வீட்டுத் தோட்டத்து வேலிக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு பெண்ணின் தொடை எலும்பு! போலீஸார் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கிறிஸ்டி, மனைவி உள்பட இன்னும் நான்கு பெண்களைக் கொன்று, 1953-ல் தானும் தூக்குமேடை ஏறினான்.

அவனுக்காக நான் இரங்கவில்லை. ஆயினும் இத்தகையோரை ஆயுள் முழுவதும் சிறையில் அடைத்தால் போதும் என்பதே என் அபிப்பிராயம். எவன்ஸையும் அவ்வாறு அடைத்திருந்தால் 1953-லேயே விடுவித்திருக்கலாமே! அரசாங்கம் அவனுக்கு மன்னிப்பு வழங்கியதோ 1966-ல். அதற்கு முந்திய ஆண்டில்தான் அவன் சடலம் சிறைச்சாலையிலிருந்து எடுக்கப்பட்டுக் கத்தோலிக்க மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.