பள்ளிக் கட்டுரைக்கு எந்தச் சொற்செயலி?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் நாயுடுபேட்டையில் மடிக்கணினிக்குக் கடன் கேட்டு வரும் பெற்றோர், கடைக்காரர் தந்த விலைப்பட்டியலை எங்களிடம் நீட்டுகின்றனர். கணினியின் விலைக்குக் கீழே ‘ஆபீஸ்’ என்று தனியாக ஒரு வரி. அதற்கு எதிரே சில ஆயிரம் ரூபாய். அது இல்லாமல் பள்ளிச் செயல்திட்டக் கட்டுரை எழுத முடியாது என்று கடையில் சொன்னார்களாம். முடியும். அந்தத் தொகையையும் கடனில் சேர்த்தால் அதற்கும் தவணை முடியும்வரை வட்டி உண்டு என்பதால், வாடிக்கையாளர்கள் இதைச் சற்று விரிவாக அறிந்திருப்பது நல்லது.

பள்ளிக் கட்டுரைக்கு வேண்டியவை மிகச் சில: தலைப்புகள், பக்க எண், ஓரிரு படங்கள், ஓர் அட்டவணை, எழுத்துப்பிழை திருத்தம், இறுதியில் பி.டி.எஃப். கோப்பாக மாற்றும் வசதி. இவை அனைத்தையும் தரும் லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசமானது. சட்டப்படி எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம்.

இலவசம் என்றதும் தரத்தில் ஐயம் எழுவது இயல்பே. இதன் வரலாறு அந்த ஐயத்தைப் போக்கும். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே அதன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து ஓபன் ஆபீஸ் பிறந்தது. 2010-இல் அதிலிருந்து பிரிந்தது லிப்ரே ஆபீஸ். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கணினிப் பாடம் நடத்துகின்றன. நமக்கு அண்டையிலுள்ள தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இடம்பெற்றது.

ஒரே ஓர் எச்சரிக்கை. லிப்ரே ஆபீஸ் தன் கோப்புகளை இயல்பாக ஓ.டி.டி. வடிவில் சேமிக்கும். ஆசிரியரோ அச்சுக்கடைக்காரரோ வேர்டு வைத்திருந்தால், சேமிக்கும்போது ‘டாக்எக்ஸ்’ வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் வரிகள் சற்று இடம் மாறக்கூடும். அச்சுக்குக் கொடுப்பதைப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

வீட்டில் கணினியே இல்லை, கைபேசி மட்டும்தான் என்பவர்களுக்குக் கூகுள் டாக்ஸ் ஏற்றது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் இடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்வதால், மின்சாரம் போனாலும் கட்டுரை போகாது. நேற்று எழுதியதை அழித்துவிட்டாலும் பழைய வடிவத்தை மீட்கலாம். ‘மைக்ரோசாஃப்ட் வேர்டேதான் வேண்டும்’ என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு: உலாவியில் இயங்கும் வேர்டு இலவசம். தகுதியுள்ள கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் அந்நிறுவனம் கட்டணமில்லாத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பள்ளி தரும் மின்னஞ்சல் முகவரி வேண்டும். தலைமையாசிரியரைக் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளரும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துகளும் வர வேண்டியிருக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடு முறையில் எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தமிழ், தெலுங்கு விசைப்பலகைகளைத் தனியே எதுவும் வாங்காமல் அமைப்புகள் பகுதியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மேற்சொன்ன மூன்று சொற்செயலிகளிலும் இது இயங்கும்.

இனி வங்கியாளர் என்ற முறையில் கவலைக்குரிய செய்தி. சில இடங்களில் உரிமம் பெறாத ஆபீஸை நூறு, இருநூறு ரூபாய்க்கு ஏற்றித் தருகிறார்கள். அதன் பூட்டை உடைக்கும் சிறு நிரல் இயங்குவதற்காக வைரஸ் தடுப்பு மென்பொருளையும் அணைத்துவிடுகிறார்கள். அந்த நிரலோடு விசைத்தட்டல்களை ஒற்றறியும் நிரலும் சேர்ந்து நுழையலாம். பகலில் மகள் கட்டுரை எழுதும் அதே கணினியில்தான் இரவில் தந்தை இணைய வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காகக் கணக்கிலுள்ள மொத்தத்தையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

‘ஒரு மாதம் இலவசம்’ என்னும் சந்தாக்களிலும் கவனம் தேவை. பதிவு செய்யும்போதே அட்டை எண்ணையோ யூபிஐ ஒப்புதலையோ கேட்டுவிடுவார்கள். மாதம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கப்படும். இத்தகைய பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் 15,000 ரூபாய் வரையிலான பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படாது. எனவே அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் ஒதுக்க வேண்டாம். யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்னும் பகுதியைத் திறந்தால், நீங்கள் ஒப்புதல் அளித்தவை வரிசையாகத் தெரியும். வேண்டாததை அங்கேயே நீக்கலாம். தேடித் தெரியாதவர்கள் கைபேசியுடன் கிளைக்கு வாருங்கள், எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டித் தருகிறோம்.