இணையவழி சுற்றுலா விசா

இணையவழி சுற்றுலா விசா என்பது, அயல்நாட்டுக்குச் சுற்றுலா செல்லும் ஒருவர், தூதரகத்துக்கு நேரில் போகாமல், அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறும் நுழைவு அனுமதி ஆகும். இது மின்விசா, இ-விசா என்றும் அழைக்கப்படுகிறது. இதில் கடவுச்சீட்டில் வில்லை எதுவும் ஒட்டப்படுவதில்லை. விண்ணப்பதாரரின் கடவுச்சீட்டு எண்ணுடன் இணைத்து அனுமதி அரசின் கணினியில் பதியப்படுகிறது. அதன் நகல் ஒரு மின்கோப்பாக அவருக்குக் கிடைக்கிறது.

தூதரகத்தில் காகிதப் படிவம் கொடுத்த காலத்தில், வாங்கும் எழுத்தரே ஒருமுறை படித்துப் பார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவது உண்டு. இணையவழி முறையில் அந்த எழுத்தரின் வேலையையும் பயணியே செய்கிறார். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும், பெயரில் ஓர் எழுத்து குறைந்தாலும் படிவம் அதை ஏற்றுக்கொள்ளக்கூடும். பிழை பெரும்பாலும் புறப்படும் நாளன்று விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது. ஆகவே விண்ணப்பிப்பது எளிதாகியிருக்கிறது. பொறுப்பு முழுவதும் பயணியின் கைக்கு வந்திருக்கிறது.

வரலாறு

பயணத்துக்கு முன்பே மின்வழியில் அனுமதி வழங்கும் முறையை ஆஸ்திரேலியா 1996-இல் தொடங்கியது. விசா தேவைப்படாத நாடுகளிலிருந்து வருவோரும் முன்னனுமதி பெற வேண்டும் என்பதை அமெரிக்கா 2009 ஜனவரி 12 முதல் கட்டாயமாக்கியது. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி முறை 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014 நவம்பர் 27 அன்று இம்முறையைத் தொடங்கியது. அப்போது அது செல்லுபடியான 9 விமான நிலையங்களில் சென்னையும் ஒன்று. ஆஸ்திரேலியா 2015-இல் கடவுச்சீட்டில் விசா வில்லை ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. வியட்நாம் 2017-இல் மின்விசாவைச் சோதனை முறையில் அறிமுகப்படுத்தி, 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை வழங்கி வருகிறது.

மூன்று வகைகள்

இணையத்தில் விண்ணப்பிப்பது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வேறுபட்ட முறைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, பயண முன்னனுமதி. விசா விலக்குப் பெற்ற நாட்டினர் புறப்படும் முன் தங்கள் விவரங்களைப் பதிவுசெய்து பெறும் இசைவு இது. அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டன், கனடா ஆகியவற்றின் மின்னணுப் பயண அனுமதிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, முழுமையான மின்விசா. விண்ணப்பம், கட்டணம், பரிசீலனை, முடிவு அனைத்தும் இணையத்திலேயே முடிகின்றன. இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகளின் மின்விசாக்கள் இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது, படிவம் மட்டும் இணையத்தில் நிரப்பப்படும் முறை. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு டிஎஸ்-160 என்னும் படிவத்தை இணையத்தில் நிரப்பினாலும், பொதுவாக நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை பதிய நேரில் செல்ல வேண்டும். ஒருமுறை பதிந்த கைரேகையை 59 மாதங்கள் வரை மீண்டும் பயன்படுத்தலாம். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். இதை முழு மின்விசா என்று எண்ணிப் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டுத் தவிப்போர் உண்டு.

விண்ணப்பிக்கும் முறை: வியட்நாம் எடுத்துக்காட்டு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வியட்நாமுக்கு விண்ணப்பிக்கும் முறை, மின்விசாவின் பொதுவான நடைமுறையை விளக்கப் போதுமானது.

விண்ணப்பதாரர் இரண்டு படங்களை ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கடவுச்சீட்டில் புகைப்படமும் விவரங்களும் உள்ள பக்கத்தின் படம். மற்றொன்று, கண்ணாடி அணியாமல் நேராகப் பார்த்து எடுத்த முகப்படம். கடவுச்சீட்டுப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் கலந்து அச்சிடப்பட்டுள்ள இரண்டு வரிகளும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் 44 குறிகள் கொண்ட இந்த வரிகளைத்தான் விமான நிலையக் கருவி படிக்கிறது. விரல் மறைத்த படம், விளக்கொளி பட்டு வெளுத்த படம் போன்றவை விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்கள்.

அடுத்து, பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், நுழையும் நாள், தங்கும் முகவரி, நுழையும் இடம், வெளியேறும் இடம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். கட்டணம், ஒருமுறை நுழைவதற்கு 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர். அனுமதி மறுக்கப்பட்டாலும் இது திருப்பித் தரப்படாது. விண்ணப்பத்தை அனுப்பியதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண், மின்னஞ்சல் முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து முடிவைப் பார்க்கலாம்.

பரிசீலனைக்கு மூன்று வேலை நாட்கள் என்பது அறிவிக்கப்பட்ட கால அளவு. இங்கே வேலை நாள் என்பது வியட்நாமின் வேலை நாளைக் குறிக்கும். டெட் எனப்படும் அந்நாட்டுப் புத்தாண்டு விடுமுறை குறுக்கிட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது.

இந்தியக் கடவுச்சீட்டு எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்தும் அதன்பின் ஏழு எண்களும் இருக்கும். எனவே வட்டமாகத் தெரியும் குறி பூச்சியமா, ஆங்கில எழுத்தா என்ற ஐயம் எழ வேண்டியதில்லை: முதலில் இருந்தால் எழுத்து, பின்னால் இருந்தால் பூச்சியம். தேதியில் நாள் முதலில் வருகிறதா, மாதம் முதலில் வருகிறதா என்பதைப் படிவத்தின் குறிப்பைப் பார்த்தே எழுத வேண்டும். 03/04 என்பது ஒரு படிவத்தில் ஏப்ரல் 3. வேறொன்றில் மார்ச் 4.

தமிழர் பெயரும் படிவமும்

பெரும்பாலான விசாப் படிவங்கள் குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கின்றன. தமிழர் பெயரிடும் வழக்கில் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் மு. செல்வி என்று இருக்கும் ஒரு பெண்ணின் பெயர், கடவுச்சீட்டில் தலைப்பெழுத்துடன் இருக்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டும். அவர் முருகேசன் என்பதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கொடுத்திருக்கலாம். செல்வி முருகேசன் என முழுவதையும் இடுபெயராகக் கொடுத்திருக்கலாம். செல்வி என்று மட்டுமே கொடுத்துக் குடும்பப்பெயரை வெறுமையாக விட்டிருக்கலாம். எப்படிக் கொடுத்தாரோ, அதே பிரிப்பையே விசாப் படிவத்திலும் பின்பற்ற வேண்டும். ஆதார் அட்டையிலோ சான்றிதழிலோ உள்ள வடிவம் இங்கே பயன்படாது.

குடும்பப்பெயர் இல்லாத கடவுச்சீட்டு சில இடங்களில் பயணத்தையே தடுக்கக்கூடும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா அல்லது வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் விவரப் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் எனப் பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஒற்றைப் பெயர் உள்ளவர் வெறுமையான கட்டத்தில் என்ன எழுதுவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அந்தந்தத் தளத்தின் குறிப்பைப் பின்பற்ற வேண்டும். விமானப் பயணச்சீட்டிலும் அதற்கு ஒத்த வடிவம் இருக்கும்படி விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி பயணம் செய்வோருக்கு நிலையான தீர்வு, பெயரை இரு கட்டங்களிலும் பிரித்துக் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்துகொள்வது.

மலேசியத் தமிழருக்கு வேறொரு சிக்கல் உண்டு. மலேசியக் கடவுச்சீட்டில் பெயர் ஒரே வரியில் அச்சிடப்படுகிறது. மகன் என்பதைக் குறிக்கும் ஏ/எல், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/பி ஆகியவை நடுவில் வரும். இணையப் படிவங்கள் பலவும் சாய்கோட்டை ஏற்பதில்லை. அங்கேயும் படிவத்தின் குறிப்பே வழிகாட்டி.

போலித் தளங்கள்

தேடுபொறியில் ஒரு நாட்டின் பெயரையும் விசா என்ற சொல்லையும் கொடுத்தால், முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அவற்றுள் சில முகவர்களின் தளங்கள். கூடுதல் கட்டணம் பெற்று, அரசின் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பித் தருகின்றன. வேறு சில முழு மோசடி. கொடியும் சின்னமும் அரசுத் தளத்தைப் போலவே இருக்கும். இழப்பு பணத்தோடு நிற்பதில்லை; கடவுச்சீட்டின் படமும் வங்கி அட்டையின் விவரமும் அறியாதவர் கைக்குப் போகின்றன.

தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்பது முதல் சோதனை. இந்திய அரசின் தளங்கள் பொதுவாக ஜிஓவி டாட் இன் என்றும், வியட்நாம் அரசின் தளங்கள் ஜிஓவி டாட் விஎன் என்றும் முடியும். எல்லா நாடுகளும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. எனவே அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துச் செல்வது நல்லது. பணம் கட்டும் முன், கேட்கப்படும் தொகையை அரசு அறிவித்த கட்டணத்துடன் ஒப்பிட வேண்டும்.

அனுமதியைப் படிக்கும் முறை

கிடைத்த அனுமதியில் செல்லுபடிக் காலம், தங்கும் காலம், நுழைவு எண்ணிக்கை என மூன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றின் பொருள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல.

இந்தியாவின் 30 நாள் சுற்றுலா மின்விசாவில் காணப்படும் காலாவதி நாள், அந்த நாளுக்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதைக் குறிக்கிறது. தங்கக்கூடிய 30 நாள், வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். வியட்நாம் மின்விசாவில் நிலைமை வேறு. அதில் உள்ள தொடக்க நாளுக்கு முன் நுழைய முடியாது. முடிவு நாளுக்குள் வெளியேறியாக வேண்டும். தாமதமாகப் போனால் அந்த நாட்கள் இழப்புதான். நள்ளிரவுக்குச் சற்று முன் இறங்கும் விமானத்தில் செல்பவர், இறங்கும் நாளைக் கணக்கிட்டே தொடக்க நாளைக் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை நுழைவு என்பதும் கவனத்துக்குரியது. ஹோ சி மின் நகரில் இறங்கி, அங்கோர் வாட் பார்க்கக் கம்போடியா சென்று, மீண்டும் வியட்நாம் வழியாகத் திரும்புவோர் இரண்டாம் முறை நுழைகிறார்கள். அவர்களுக்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும்.

விமான நிலையத்திலும் எல்லையிலும்

உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால், பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கின்றன; திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் நிறுவனத்துடையது. எனவே முதல் சோதனை புறப்படும் ஊரிலேயே நடக்கிறது. விசாவில் உள்ள பெயரோ எண்ணோ கடவுச்சீட்டுடன் பொருந்தாவிட்டால் பயணி விமானம் ஏற அனுமதிக்கப்படாமல் போகலாம்.

மின்விசா கையில் இருப்பது நுழைவை உறுதி செய்வதில்லை. இறுதி முடிவு இறங்கும் நாட்டின் குடிவரவு அதிகாரியுடையது. தங்கும் விடுதி முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அவர் கேட்கலாம். கைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது; அச்சிட்ட நகல் உடன் இருப்பது நல்லது.

மறுக்கப்பட்டால்

மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை மறைக்க முயல்வது பெருந்தவறு. இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா என்று பல படிவங்கள் கேட்கின்றன. மறுப்பு என்பது தடை அன்று; காரணத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். பொய்யான தகவல் அப்படிப்பட்டதன்று. ஏமாற்ற முயன்றதாகக் கண்டறியப்பட்டால் பிரிட்டன் 10 ஆண்டு வரை விசா மறுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு விலக்கு உண்டு. முகவர் நிரப்பிய படிவமானாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையதே. ஆகவே அனுப்பும் முன் அவரே ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும்.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. பெயர், கடவுச்சீட்டில் பிரிக்கப்பட்ட அதே முறையில் உள்ளதா?
2. கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் ஒவ்வொரு குறியாக ஒப்பிடப்பட்டனவா?
3. பயண நாளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் கடவுச்சீட்டு செல்லுபடியாகுமா? பல நாடுகள் இதைக் கேட்கின்றன.
4. நுழையும் நாள், இறங்கும் நாட்டின் நேரப்படி சரியா?
5. நுழைவு எண்ணிக்கை பயணத் திட்டத்துக்குப் பொருந்துகிறதா?
6. மின்னஞ்சல் முகவரி சரியா? அதில் பிழை இருந்தால் அனுமதி வந்த செய்தியே கிடைக்காமல் போகும்.

பெரும்பாலான தளங்களில் கட்டணம் செலுத்திய பின் திருத்த வழியில்லை. புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் தேவைப்படும். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றொருவர் திரையைச் சரிபார்த்தால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.