கல்லீரல் கட்டியும் இரு வாய்க்கால்களும்

ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால்களில் நீர் பாய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நம் கல்லீரல் அப்படிப்பட்ட வயல்தான். குடலிலிருந்து உணவுச் சத்து நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை ஒரு வாய்க்கால். இதயத்திலிருந்து ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவரும் கல்லீரல் தமனி மற்றொன்று. நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் இரத்தம் கல்லீரலுக்கு வருகிறது. அதில் சுமார் முக்கால் பங்கு சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது.

கல்லீரல் செல்களுக்கு இவ்விரண்டு இரத்தமும் கிடைக்கிறது. ஆனால் பித்தநீரைச் சுமந்து செல்லும் பித்தநாளங்களை ஊட்டி வளர்ப்பது தமனிதான். அதன் நுண்கிளைகள் நாளங்களைச் சுற்றி வலைபோல் பின்னியிருக்கின்றன.

இந்நாளங்களின் உட்சுவரிலுள்ள செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் பித்தநாளப் புற்றுநோய் உண்டாகிறது. கல்லீரலுக்குள் வளரும் இக்கட்டி பெரும்பாலும் வெண்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஏன் தெரியுமா? புற்றுச் செல்கள் தம்மைச் சுற்றி நார்த்திசுவை மிகுதியாக வளரச் செய்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், சிறுசிறு குழாய்களைப் போல் அமைந்த புற்றுச் செல்களையும், அவற்றிடையே அடர்ந்த கொலாஜன் நார்களையும் காணலாம். கட்டியின் விளிம்பில் செல்களும் இரத்தக் குழாய்களும் அதிகம். நடுப்பகுதியிலோ நாரே மிகுதி.

இந்த அமைப்பை, கட்டியை வெட்டாமலே மருத்துவர்கள் அறிகிறார்கள். எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் அயோடின் கலந்த திரவத்தைக் கையிலுள்ள சிரையில் செலுத்தி, சி.டி. ஸ்கேன் படங்களை அடுத்தடுத்து எடுக்கிறார்கள். சுமார் அரை நிமிடத்தில் அத்திரவம் தமனி வழியே கல்லீரலை அடையும். அடுத்த அரை நிமிடத்தில் போர்ட்டல் சிரை வழியாகவும் வந்து சேரும்.

உலர்ந்த களிமண் கட்டியைச் சிறிது நீரில் வைத்துப் பாருங்கள். முதலில் ஓரம் நனையும். நடுப்பகுதி மெல்ல மெல்லத்தான் நனையும். பித்தநாளப் புற்றும் அப்படித்தான். முதல் படத்தில் விளிம்பு மட்டும் வளையம்போல் வெளுத்துத் தெரியும். சில நிமிடங்களுக்குப் பின் எடுத்த படத்தில் நடுப்பகுதியும் வெளுத்திருக்கும்.

கல்லீரல் செல்களிலிருந்தே தோன்றும் புற்றுநோய் வேறு வகை. அதில் தமனிக் குழாய்கள் ஏராளம்; நார் குறைவு. மணலில் ஊற்றிய நீரைப்போலத் திரவம் சட்டென்று நிறைந்து, விரைவில் வடிந்துவிடும்.

இரண்டிற்கும் சிகிச்சை முறை வேறு. ஆகவே இந்த வேறுபாடு நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. ஆயினும் சில கட்டிகள் படத்தில் ஏமாற்றிவிடும். எனவே ஐயம் வரும்போது சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதித்து உறுதி செய்கிறார்கள்.

இந்நோய் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் மிக அதிகம். அங்கே பலர் நன்னீர் மீனைப் பச்சையாக உண்பது வழக்கம். மீனிலுள்ள தட்டைப்புழு பித்தநாளத்தில் குடியேறி, பல ஆண்டுகள் அதைப் புண்ணாக்குகிறது. இப்புழு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது.

கல்லீரலுக்குள் வளரும் இக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலி காட்டுவதில்லை. ஸ்கேன் கண்டுபிடிக்கும் நாளுக்குள் அது பெரிதாகியிருக்கக்கூடும். ஆனால் மீனை நன்றாக வேகவைத்தால் புழு அடுப்பிலேயே அழிந்துவிடும். நோயைக் கண்டறியும் அறிவு பெரிது. அதை வராமல் தடுக்கும் அறிவு அதனினும் பெரிது அல்லவா?