நஞ்சு வேர்பிடிக்கும் நாட்கள்

பசு கன்று ஈன்றால் வீட்டார் கேட்கும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்ததா?" என்பதுதான். விழுந்ததும் அந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிடுவார்கள். மாட்டின் நஞ்சு கருப்பைச் சுவரோடு மேலாக ஒட்டி நிற்குமே தவிர, அதைத் துளைத்துத் தாயின் ரத்தக் குழாய்வரை போகாது. மனிதருடையது போகும்.

கருவுற்ற ஆறேழு நாளில் கரு கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. அடுத்த சில நாட்களில் முழுதாகப் புதைகிறது. பிறகு நஞ்சின் செல்கள் இன்னும் கீழே இறங்கி, தாயின் சுருள் தமனிகளின் தசைச்சுவரைத் தளர்த்தி அகலமாக்குகின்றன. இந்த ஊடுருவல் குறைந்தால் பிரீ-எக்லாம்ப்சியா என்னும் ஆபத்தான ரத்தக் கொதிப்பு வரலாம். மிஞ்சினாலோ, பிரசவத்தில் நஞ்சு பிரியாமல் ரத்தம் கொட்டும்.

கரு ஒட்டிப் புதைவதை நேரில் பார்க்க வழியில்லை. தான் கருவுற்றது பெண்ணுக்கே தெரியாத நாட்கள் அவை. 1938 முதல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்டிக்கும் ஜான் ராக்கும், கருப்பை நீக்க அறுவைக்கு வந்த 210 பெண்களிடமிருந்து எடுத்த திசுக்களில் தேடி 34 கருக்களைக் கண்டெடுத்தார்கள். இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்பது சந்தேகம்தான். சுண்டெலியை வைத்துப் பார்க்கலாமென்றால், அதன் நஞ்சு அவ்வளவு ஆழம் போவதில்லை.

1968-இல் நஞ்சுப் புற்றுநோயிலிருந்து வளர்த்த 'பீவோ' செல்கள் வந்தன. பல பத்தாண்டுகள் அவைதான் கைகொடுத்தன. ஆனால் புற்றுநோய்க்கு ஊடுருவத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. ஆய்வாளர்கள் அறிய விரும்பியதோ, ஆரோக்கியமான நஞ்சு எங்கே, எப்படி நிற்கிறது என்பதை.

2018-இல் நிலைமை மாறியது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் நஞ்சின் மூலச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். கேம்பிரிட்ஜில் மார்கரிட்டா டர்கோ, ஆஷ்லி மொஃபெட் குழு குட்டி நஞ்சுகளை உருவாக்கியது. அவை மிதந்த திரவத்தில் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை வைத்தால், கர்ப்பம் என்றே காட்டியது!

இருந்தும் அங்கே தாய் இல்லை. 2022-இல் வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரோன் குழு மூலச்செல்களால் செய்த கருப்போலிகளைக் கருப்பைச் செல்களின் மேல் விட்டது. ஹார்மோன் கொடுத்துப் பக்குவப்படுத்திய செல்களில்தான் அவை ஒட்டின. அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டான் ஹு குழு ஒரு சிப்பில் ஒருபுறம் நஞ்சின் செல்களையும் மறுபுறம் தாயின் ரத்தக் குழாயையும் அமைத்தது. நஞ்சின் செல்கள் குழாயை நோக்கியே நகர்ந்தன. அந்த நகர்வின் கடிவாளம் தாயின் கருப்பைச் செல்களிடம் இருப்பதும் தெரிந்தது. எனக்கு இதுதான் பெரிய செய்தி: புகுவது கரு என்றாலும், கதவு தாயினுடையது.

2025-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், தானமாகக் கிடைத்த மனிதக் கருக்களைக் கொலாஜன் ஜெல்லில் வைத்துப் படமெடுத்தார்கள். சுண்டெலிக் கரு மேலேயே பரவியது. மனிதக் கரு சுற்றியிருந்த இழைகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு உள்ளே புதைந்தது. எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்ல அந்த ஜெல்லில் யாரும் இல்லை.