நாவலும் சுயசரிதமும்

நாவலொன்றைப் படித்து முடித்தவுடன், ‘இஃது ஆசிரியர்தம் வரலாறுதானோ?’ என வினவுதல் நம்மனோர்க்கு இயல்பு. கதைத்தலைவன் ‘நான்’ என்று தொடங்கித் தன் கதையைத் தானே கூறுவனேல் இவ்வையம் வலுப்பெறும். சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய ‘டேவிட் காப்பர்பீல்ட்’ என்ற நாவலை இதற்கு உரைகல்லாகக் கொள்வோம்.

டிக்கன்ஸ் 1812-இல் பிறந்தவர். பன்னிரண்டாம் அகவையில், லண்டன் மாநகரில், பாதரட்சைக்குப் பூசும் மை செய்யும் சாலையொன்றில் வேலைக்கு விடப்பட்டார். மைச்சிமிழ்களைக் காகிதத்தால் மூடிக் கயிறு கட்டிச் சீட்டு ஒட்டுதல் தொழில். வாரக் கூலி ஆறேழு ஷில்லிங். அந்நாளிலேயே தந்தையார் கடன்பட்டு மார்ஷல்ஸீ சிறை புகுந்தார். பின்னர்த் தந்தை விடுதலை பெற்று மகனை அவ்வேலையினின்று நீக்கியபோது, மீண்டும் அங்கே அனுப்புதலே தக்கதென்றார் அன்னையார். அப்புண் டிக்கன்ஸுக்கு இறுதிவரை ஆறவில்லை.

நடுவயதில் தம் சரிதத்தை எழுதத் தொடங்கிய அவர் அதனை முற்றுவித்திலர். எழுதிய பகுதியை நண்பர் ஜான் பார்ஸ்டர் அறிவார். 1849-இல் மாதந்தோறும் வெளிவரத் தொடங்கிய இந்நாவலில், அதன் வாக்கியங்கள் பல ஏறத்தாழ மாறாமலே புகுந்தன. மைச்சாலை, மதுப்புட்டி கழுவும் பண்டசாலையாயிற்று. (சி, டி என்னும் தம் பெயரின் முதலெழுத்துக்களே கதைத்தலைவன் பெயரில் முறைமாறி நிற்பதைப் பார்ஸ்டர் சுட்டியபோது, ஆசிரியரே திடுக்கிட்டனராம்!)

ஆயினும், டேவிட் தாய்தந்தையரை இழந்த சிறுவன். அவனைப் பண்டசாலைக்குத் துரத்துபவன் கொடிய மாற்றாந்தந்தை. டிக்கன்ஸின் பெற்றோரோ உயிருடன் இருந்தனர். இவ்வேறுபாட்டையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நாவலில் தாய் அன்பே உருவாய் வந்து இளமையில் மடிகின்றாள். கொடுமையெல்லாம் மாற்றாந்தந்தைமேல் ஏறிவிட்டது. கடனும் சிறையும் மட்டும் மிக்காபர் என்னும் வேறொருவரிடம் சென்றன. அவரையோ நாம் நகைத்துக்கொண்டே நேசிக்கின்றோம். ஈன்றாளைக் குற்றங்கூறாமல் சரிதத்தை உள்ளபடி முடித்தல் அரிது. நாவலில் அவ்விடர்ப்பாடு இல்லை. அதனால் வலி முழுவதும் வெளிப்பட்டது. பழி மட்டும் இடம் மாறியது.

ஆதலின், நாவலைக்கொண்டு ஆசிரியரின் வரலாற்றை வகுக்கப் புகுவார், டிக்கன்ஸைத் தாயற்ற பிள்ளையாக்கிவிடுவர். ‘இவர் யார், அவர் யார்’ என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆளைத் தேடுதலினும், ஆசிரியர் எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என ஆராய்தலே பயனுடைத்தென்பது எம் கருத்து.

1870-இல் டிக்கன்ஸ் காலஞ்சென்ற பின்னரே, பார்ஸ்டர் எழுதிய சரித்திர நூலால் மைச்சாலைச் செய்தி வெளியாயிற்று. அதுவரை இருபது ஆண்டுகள், அப்பகுதியை வெறுங்கற்பனை என்றே எண்ணி ஆங்கில மக்கள் படித்து வந்தனர்.