வண்ணம் உதிர்ந்தாலும் அமைப்பு நிற்கும்

ஓவியம் என்றதும் நம் நினைவில் முதலில் வருவது வண்ணமே. நிறங்கள் கூடினால் அழகும் கூடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் எதை, எங்கே, எவ்வளவு வைப்பது என்ற திட்டம் வண்ணத்திற்கு முன்பே வேண்டும். அதையே ஓவிய அமைப்பு என்கிறோம். சமநிலை, லயம், முரண், அளவு, முதன்மை, ஒருமை ஆகியவை அதன் அடிப்படை விதிகள். நம் இல்லங்கள் பலவற்றின் சுவரில் காணும் ‘இறுதி இராவுணவு’ படத்தைக் கொண்டே இவற்றை அறிவோமா?

இதன் மூல ஓவியம் இத்தாலியில், மிலான் நகரத் துறவு மடம் ஒன்றின் உணவறைச் சுவரில் உள்ளது. லியனார்டோ டாவின்சி இதை ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை தீட்டினார். அகலம் சுமார் 8.8 மீட்டர், உயரம் 4.6 மீட்டர். சீடருள் ஒருவன் தம்மைக் காட்டிக் கொடுப்பான் என்று இயேசு கூறிய வேளையே இதன் கரு.

சமநிலை: இயேசு நடுவில் இருக்க, சீடர்கள் இருபுறமும் அறுவர் அறுவராக, தராசுத் தட்டுகள் போல் ஒத்திருக்கின்றனர்.

லயம்: பன்னிருவரையும் ஒரே சீராக உட்கார வைத்திருந்தால் வகுப்புப் புகைப்படம் போல் ஆகியிருக்கும்! ஓவியரோ மும்மூவராக நான்கு குழுக்கள் அமைத்தார். நீட்டிய கைகளும் சாய்ந்த தலைகளும் நம் கண்ணை அலைபோல் குழுவுக்குக் குழு அழைத்துச் செல்கின்றன.

முரண்: சீடர்கள் பதறுகின்றனர், இயேசு மட்டும் முக்கோண வடிவில் அமைதியாய் வீற்றிருக்கிறார். பணப்பையைப் பற்றியிருக்கும் யூதாசின் முகத்தில் நிழல் படிந்துள்ளது.

அளவு: பக்கச் சுவர்களும் கூரையின் கட்டங்களும் பின்னே செல்லச் செல்லச் சிறுக்கின்றன. அக்கோடுகளின் மேல் அடிக்கோலை வைத்து நீட்டிப் பார்த்தால், அவை இயேசுவின் தலையருகே ஒரே புள்ளியில் கூடும்.

முதன்மை: இயேசுவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. பின்னாலுள்ள சன்னலின் வெளிச்சமே அவர்பால் நம் பார்வையை ஈர்க்கிறது.

ஒருமை: இவை யாவும் ஒரே கருத்துக்குப் பணிபுரிவதே ஒருமை.

இவ்வோவியம் பட்ட துன்பங்கள் பல. ஈரச் சாந்தின் மேல் விரைந்து தீட்டும் முறையை விட்டு, நிதானமாகத் திருத்தி வரைய விரும்பிய லியனார்டோ உலர்ந்த சுவரில் தீட்டினார். ஆகவே அவர் வாழ்நாளிலேயே வண்ணம் கெடத் தொடங்கிவிட்டது. 1652-இல் அச்சுவரில் வாசல் வெட்டியதால் இயேசுவின் பாதங்கள் மறைந்தன. 1943-இல் உலகப் போரின்போது குண்டு விழுந்து உணவறையின் கூரை இடிந்தது. மணல் மூட்டைகள் அடுக்கிக் காத்த ஓவியச் சுவரோ தப்பியது. 1978 முதல் 1999 வரை அதைச் செப்பனிட்டனர். ஆயினும் முதலில் தீட்டிய வண்ணத்தில் பெரும்பகுதி இன்று இல்லை.

வண்ணம் போன பின்னும் நம் கண் இயேசுவின் முகத்திற்கே செல்கிறதே, ஏன்? அமைப்பு அழியவில்லை என்பதால்தான். ஆகவே தோழியரே, அடுத்த முறை ஓவிய நோட்டைத் திறக்கும்போது வண்ணப் பெட்டியைச் சற்றே ஒதுக்கி வைப்போம். பார்ப்பவர் கண் எங்கே தங்க வேண்டும் என்று முதலில் சிந்தித்து, பென்சிலை எடுப்போம்!