தறிக்கு லீவு! பெருமாள் கிணற்றுக்குப் போகிறார்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிந்ததும் "டக்... டக்..." சத்தம் ஆரம்பித்துவிடும். பட்டுத் தறி ஓடுகிற சத்தம். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் கேட்கும். ஊரில் தறிகள் முன்னைவிடக் குறைந்துவிட்டன. என்றாலும் அந்தச் சத்தம் இல்லாமல் அந்தத் தெருக்களுக்குப் பொழுது போகாது.

சித்திரை மாதம் பௌர்ணமி வரும்போது மட்டும் வீட்டுக்கு வீடு வேறு பேச்சு. "நாளைக்குத் தறி இல்லபா. பெருமாள் கிணத்துக்குப் போறாரு."

பெருமாள் கிணற்றுக்குப் போகிறாரா? ஆமாம், நிஜமாகவே போகிறார்!

தண்ணீருக்குள் இருக்கும் மண்டபம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அக்கரையில் அய்யங்கார்குளம் என்று ஒரு கிராமம். அங்கே சஞ்சீவிராயர் கோவில். அதாவது அனுமார் கோவில். கோவிலை ஒட்டி சமுத்திரம் மாதிரி ஒரு குளம். பக்கத்திலேயே இருக்கிறது 'நடவாவி' கிணறு. வாவி என்றால் நீர்நிலை. இறங்கி நடந்து போகிற கிணறு என்பதால் அந்தப் பெயர்.

மேலே இருந்து பார்த்தால் கல் வளைவு ஒன்றுதான் தெரியும். அதற்குள் நுழைந்தால் படிகள் பூமிக்குள் இறங்கும். அடியில் கிணற்றைச் சுற்றிச் செதுக்கிய தூண்களோடு ஒரு மண்டபம். வருஷம் பூராவும் அது தண்ணீருக்குள் கிடக்கும். சித்ரா பௌர்ணமியை ஒட்டித் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் மண்டபம் வெளியே வரும்.

அன்றைக்கு வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து புறப்பட்டு, செவிலிமேடு, தூசி என்று வழியெல்லாம் மண்டகப்படி வாங்கிக்கொண்டு அய்யங்கார்குளம் வந்து சேருவார். வாசலில் மாக்கோலம், தேங்காய், பழத்தட்டு. நீர்மோர், பானகம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கிணற்றில் பெருமாள் படியிறங்கும்போது கூட்டம் ஜே ஜே என்று நெருக்கும். கீழே ஈரக் கல்லின் குளிர்ச்சி, மேலே சித்திரை வெயில். அக்னி நட்சத்திரம் நெருங்குகிற நேரத்தில் இதைவிட நல்ல இடத்தை எந்தச் சாமியாவது தேர்ந்தெடுத்திருக்குமா?

ஆற்று மணலில் கட்டுச்சாதம்

கிணறு முடிந்ததும் பாலாறு. ராத்திரியில் ஆற்றுக்குள்ளேயே பள்ளம் தோண்டி, பந்தல் போட்டு, பெருமாளை எழுந்தருளச் செய்வார்கள். அதற்கு 'ஊறல் உற்சவம்' என்று பெயர். மணலில் ஊறி வரும் தண்ணீர்தான் விசேஷம்.

ஜனங்களுக்கும் அங்கேதான் கொண்டாட்டம். புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம் என்று தினுசு தினுசாகக் கட்டி எடுத்து வந்து, நிலா வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது சித்ரா பௌர்ணமியின் வழக்கம். குழந்தைகளுக்கு மணலைத் தோண்டுவதுதான் விளையாட்டு. ஈரம் தட்டினால் ஒரே கூச்சல். வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, பலூன், ஊதல் வியாபாரமும் அமர்க்களப்படும்.

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரா வழியாக வருகிற ஆறு இங்கே வரும்போது பல வருஷங்களில் வெறும் மணல்தான். 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று பார்க்கவே கூட்டம் கூடியது! மணலும் முன்பு மாதிரி இல்லை. அள்ளி அள்ளிப் பல இடங்களில் கட்டாந்தரை தெரிகிறது. மணல் இல்லாத ஆற்றில் ஊற்று எங்கிருந்து வரும்? பெருமாளுக்குத் தோண்டுகிற பள்ளம்தான் அதற்குச் சாட்சி.

பட்டுக்கும் இந்த ஆற்றுக்கும் சம்பந்தம் உண்டு. பாலாற்றுத் தண்ணீரில் சாயம் போட்டால் பட்டு தனியாக மின்னும் என்பது சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது.

ஓர் ஆள் போனால் இரண்டு பேருக்கு லீவு

சரி, ஒரு நாள் திருவிழாதானே, போய்விட்டு வந்தால் என்ன என்று ஆபீஸ்காரர்கள் நினைக்கலாம். அவர்களுக்குக் காஷுவல் லீவு இருக்கிறது. நெசவாளிக்கு அது கிடையாது. சேலைக் கணக்கில்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது.

அதிலும் கோர்வைச் சேலை என்றால் இன்னொரு சிக்கல். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிரியாதபடி ஊடை நூலைக் கோத்துக்கோத்து நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா, இரண்டு பேர். தறிக்குழியில் காலை விட்டு மிதிகட்டையை மிதிக்கிறவர் ஒருத்தர். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசுகிறவர் இன்னொருத்தர். பெரும்பாலும் புருஷன் பெண்ஜாதிதான். அந்த அம்மாள் காலையிலேயே புளியோதரை கிளற அடுப்படிக்குப் போய்விட்டால் தறியில் இருக்கிறவரும் எழுந்திருக்க வேண்டியதுதான்! பிறகு சண்டை போட்டு என்ன பிரயோசனம்? குளித்துவிட்டு வேட்டியை மாற்றிக்கொள்கிறார்.

தறி தானாக நிற்கிற நாட்களும் உண்டு. அது வேறு கதை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். காலை எங்கே வைப்பது? தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கவும் வழியில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆர்டர் இளைக்கும். தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும். ஜரிகை ஏறினால் கடைக்காரர் பாவு கொடுக்க யோசிப்பார். அந்த நாட்களிலும் தெருவில் சத்தம் இருக்காது. யாரும் கட்டுச்சாதம் கட்டவும் மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2020 சித்ரா பௌர்ணமி ஊரடங்கில் வந்தது. தெருவில் ஜனமும் இல்லை, திருவிழாக் கூட்டமும் இல்லை. கல்யாணங்கள் தள்ளிப்போனதால் பட்டுக்கு ஆளும் இல்லை. அந்த வருஷம் எல்லோருக்கும் லீவுதான். யாருக்கு வேண்டும் அந்த லீவு?

ஊருக்குள்ளேயே கிடைக்கிற சுகம்

கிணற்றுத் திருவிழா முடிந்தால் அடுத்து வைகாசியில் கருட சேவை. விடியற்காலையில் கோபுர வாசலில் பெருமாள் வந்து நிற்கும்போது ஒரு கணம் குடைகளைச் சாய்த்து மறைப்பார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கரில் தொட்டாச்சாரியாருக்குக் காட்சி கொடுக்கப் போய்விட்டு வருகிறார் என்பது ஐதீகம். கூட்டம் அந்த ஒரு கணத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தையில் பொங்கல் முடிந்த கையோடு பழைய சீவரம் மலைக்கும், மூன்று ஆறுகள் கூடுகிற திருமுக்கூடலுக்கும் பெருமாள் பாரிவேட்டை கிளம்பிவிடுவார்.

கோவிலில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் போட்டு மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைக்கிற இட்லி இருக்கிறதே, அதற்கு மட்டும் மாதம், தேதி எல்லாம் கிடையாது. மழைக்காலத்தில் சாப்பிட்டால் சுக்கு வாசனை மூக்கில் ஏறும்!

2019-ல் அத்தி வரதர் வந்தார். 40 வருஷத்துக்கு ஒரு தடவை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்து, 48 நாள் தரிசனம். எங்கெங்கிருந்தோ ஜனம் குவிந்தது. உள்ளூர்க்காரர் தெருமுனைக் கடைக்குப் போகவே வழியில்லாமல் தவித்தார். அதற்கு அடுத்தது 2059. நடவாவி அப்படியில்லை. வருஷா வருஷம் வரும். இன்றைக்கும் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கூட்டம்தான். 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்குக் கட்டுச்சாதத் தூக்கோடு மணலில் நடக்கிறபோது எதிரே வருகிறவரில் பாதிப் பேர் தெரிந்த முகம்தான்.

மறுநாள் காலையில் பெருமாள் பட்டுக்கடைகள் வரிசையாக நிற்கிற காந்தி ரோடு வழியாகக் கோவிலுக்குத் திரும்புவார். பிள்ளையார்பாளையத்தில் தூக்கக் கலக்கத்தோடு தறிக்குழியில் காலை விடுவார்கள். விட்டுப்போன முழங்களைப் பிடிக்க ராத்திரியும் விளக்கைப் போட்டு நெய்தாக வேண்டும். முகூர்த்தச் சேலையாச்சே, பெண் வீட்டார் தேதி குறித்துவிட்டார்கள்.